வாசலை மறித்து நிற்கும் வண்டி: களக்காட்டுத் தெருக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

களக்காடு 2021-இல் நகராட்சியாகிவிட்டது. ஊருக்குள் இருக்கும் தெருவும் முடுக்கும் மட்டும் பழைய அகலத்தில்தான் கிடக்கின்றன. வீட்டுக்கு வீடு பைக், சில வீடுகளில் கார், வாழைத்தார் ஏற்ற வரும் குட்டியானை, லீவு நாளில் தலையணைக்குக் குளிக்க வருகிறவர்களின் வேன், எல்லாமே இதற்குள்தான் நிற்க வேண்டும். நிறுத்துகிறவரும் நாமும் நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்த்தாக வேண்டும் என்பதால், பாதையும் திறக்க வேண்டும், பகையும் வரக்கூடாது.

1. முதலில் தெருவை அளந்து வையுங்கள். 12 அடித் தெருவில் ஒரு சின்னக் கார் நின்றாலே ஐந்தே முக்கால் அடி போய்விடும். சுவரை விட்டு அரையடி தள்ளி நின்றால் மிச்சம் ஆறடிகூட இல்லை. 108 ஆம்புலன்ஸ் வேனின் அகலமே ஏறத்தாழ ஆறரை அடி. "உங்க வண்டி இடைஞ்சல்" என்றால் சண்டை வரும். இந்தக் கணக்கைச் சொன்னால் யோசிப்பார்கள். அவர் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள் அல்லவா!

2. பள்ளிக்கூட நேரத்து அவசரத்தில், வண்டி மறித்து நிற்கும்போதே பேச்சைத் தொடங்காதீர்கள். சாயந்தரம் அவர் தார்சாவில் ஓய்வாக இருக்கும்போது போங்கள். "அண்ணாச்சி, காலைல எட்டு மணிக்கு நான் வண்டி எடுக்கணும். ராத்திரி விடும்போது கேட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடுதீயளா?" என்று இடத்தையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். 'ஒழுங்கா நிறுத்துங்க' என்ற பொதுப்பேச்சு யாரையும் மாற்றாது. வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரர் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

3. கண்ணாடியில் தெரியும்படி ஒரு அட்டையில் ஃபோன் நம்பர். உங்கள் வண்டியில் இன்றைக்கே வைத்துவிட்டு அடுத்த வீட்டாரிடம் கேளுங்கள்.

4. நமக்கு எதுவரை உரிமை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலை, கேட்டை மறித்து நிறுத்தக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளி, ஆஸ்பத்திரி வாசலுக்கும் இதே தடைதான். ஆனால் நம் காம்பவுண்ட் சுவரை ஒட்டிய ரோடு பொது ரோடு. அங்கே இடைஞ்சல் இல்லாமல் நிற்கும் வண்டியை விரட்ட நமக்கு உரிமையில்லை. கல், மண்மூட்டை, பூந்தொட்டி வைத்து இடம் பிடிப்பதும் ஆக்கிரமிப்புதான். இதை முதலில் எடுத்துவிட்டால்தான் புகார் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

5. காற்றைப் பிடுங்கிவிடுவது, கோடு கிழிப்பது, கண்ணாடியை உடைப்பது, எதுவும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

6. கொடை, கல்யாணம், துஷ்டி வீடு என்றால் ஒருநாள் பொறுத்துப் போவதுதான் முறை. விசேஷம் நம் வீட்டில் என்றால், வெளியூர் வண்டிகளுக்கு முந்தைய நாளே ஒரு காலி இடம் பார்த்து, வழி காட்ட ஒரு பையனையும் நிறுத்துங்கள்.

7. நாலைந்து தடவை சொல்லியும் கேட்காதவருக்குச் சட்டம்தான். நம்பர் பிளேட்டும் உங்கள் வாசலும் ஒரே படத்தில் வரும்படி, தேதி, நேரத்தோடு எடுத்து வையுங்கள். அவசரம் என்றால் 112. தமிழ்நாட்டில் தவறான பார்க்கிங்குக்கு முதல் முறை 500 ரூபாய், மறுபடி செய்தால் 1,500 ரூபாய் அபராதம். பொதுவழியை மறிப்பதற்கு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை போகலாம். பழைய சட்டத்தில் இது வெறும் 200. கேட்பாரில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் பொது இடத்தில் கிடக்கும் வண்டியைப் போலீஸ் இழுத்துப் போகலாம், செலவு வண்டிக்காரர் தலையில். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் வழி திறக்கவில்லை என்றால், அந்த ரசீது, படங்கள், தெருவின் அளவு மூன்றையும் சேர்த்துச் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள்; பொதுவழித் தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அங்கே இருக்கிறது.