மழைக்காலத்தில் பந்தடிக்க நிலம் பார்ப்பது எப்படி?

வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டம் சேற்றாட்டம்தான். "மழைன்னா என்னாங்க, ஆடுவோம்" என்று இறங்கிய தம்பி ஒருவர் கணுக்கால் முறிந்து, இரண்டு மாதம் பேர் இல்லாமல் லயத்தில் கிடந்ததை நாம் பார்த்தோம்.

ஆடுமுன் நிலத்தைப் பாருங்கள். குதிகாலால் அழுத்திய குழியில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு வேண்டாம். பந்தைத் தோளுயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். எழும்பாமல் அப்படியே உட்கார்ந்தாலும் வேண்டாம். கோல் வாசலை முதலில் சோதியுங்கள். மிதிபட்டு இறுகிய மண்ணில்தான் தண்ணீர் தேங்கும்.

நம் மைதானங்கள் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்தியவை. மேட்டுத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். தேயிலை மலையில் கான் வெட்டுகிற கை நமக்கு இருக்கிறதே! மைதானத்தின் மேல்பக்க ஓரமாக ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் பாதித் தொல்லை குறையும். துரையிடம் கேட்டுச் செய்யுங்கள். அந்தத் தண்ணீர் லயத்துப் பக்கம் போய்விடக் கூடாது.

போட்டி வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆனி, ஆடியில் நாம் நனையும்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயில். அவர்களுக்குப் பெருமழை மார்கழியை ஒட்டித்தான். நாம் அங்கே போய் ஆடலாம், அவர்களை மாசியில் இங்கே அழைக்கலாம். பஸ் செலவுதான் இடிக்கும். அதற்கு இப்போதிருந்தே சங்கத்தில் மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.