அப்பத்தாவின் பழைய டிவியும் புது எச்டி பெட்டியும்

அறிவியல் பகுதியில் இந்த முறை நம்ம வீட்டு டிவி பற்றி எழுதுகிறேன்.

2006 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் அப்பத்தாவிடம் இருப்பது அந்த 14 அங்குல டிவிதான். போன மாதம் அப்பா எச்டி செட்டாப் பாக்ஸ் வாங்கி வந்தார். மாட்டினோம். சத்தம் வந்தது, படம் வரவில்லை. டவுன் கடையில் கேட்டதற்கு, "பிக்சர் டியூப் போயிருச்சு, புது டிவி வாங்கிருங்க" என்றார்கள். பூண்டு விற்ற காசை அப்பா எண்ண ஆரம்பித்துவிட்டார். அது என் ஸ்கூல் செலவுக்கு வைத்த காசு.

நான் டிவி ரிமோட்டில் மெனுவை அழுத்திப் பார்த்தேன். திரையில் எழுத்து பளிச்சென்று வந்தது. டியூப் போயிருந்தால் எழுத்து எப்படி வரும்? அப்போ கோளாறு வயரில்தான்!

இணைக்கும் முறை:

1. முதலில் டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கவும்.

2. எச்டி பெட்டியில் தட்டையான எச்டிஎம்ஐ துளை இருக்கும். பழைய டிவியில் அது கிடையாது. பெட்டியில் ஏவி என்ற துளை இருக்கிறதா பாருங்கள்.

3. ஏவி வயரில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. டிவியில் இரண்டே துளை என்றால் சிவப்பு சும்மா தொங்கட்டும். பெட்டியின் அமைப்பில் ஒலியை மோனோ என்று வைக்கவும்.

4. டிவியை ஏவிக்கு மாற்றவும்.

5. ஏவி துளையே இல்லாத பெட்டி என்றால், எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்குவதும் கடையில் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரமும் தர வேண்டும்.

எங்கள் தவறு என்ன? நாங்கள் மாட்டியது பழைய டிவிடி பிளேயரின் வயர். பெட்டிக்குள் போகும் ஒற்றை முனை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே வரிசை எல்லா வயரிலும் ஒன்றில்லை. சிவப்பை எடுத்து மஞ்சள் துளையில் சொருகினேன். படம் வந்துருச்சு! அப்பத்தா, "அடி என் தாயி!" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

ஒரு கணக்கு: எச்டி படம் 16:9. பழைய திரை 4:3. அகலம் 4 என்றால் எச்டி படத்தின் உயரம் 4 × 9 ÷ 16 = 2.25. திரை உயரம் 3. ஆக, முக்கால் பங்கில்தான் படம். மேலும் கீழும் கருப்புப் பட்டை வருவது கோளாறு இல்லை.

தெரியுமா? எச்டி படத்தில் 1080 வரிகள் வரை உண்டு. பழைய டிவி காட்டுவது 576 வரிதான். அதனால் பழைய டிவிக்கு எச்டி சேனலுக்கென்று கூடுதல் பணம் கட்ட வேண்டாம்.

எச்சரிக்கை: பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். நம்ம மலையில் இடி தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வையுங்கள்; இடி இடிக்கும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

நண்பர்களே, யாராவது "போச்சு" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். ஒருமுறை நாமே சோதித்துப் பார்ப்போம். அதுதானே அறிவியல்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, போளூர்