கடைப் பெயர்ப்பலகையில் ஒரு கணக்குப் பாடம்

ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும், மாணவர் மாணவியர் எண்ணிக்கை என்று பழகிய எடுத்துக்காட்டுகளையே சொல்லி வருகிறோம். பள்ளி வாசலைத் தாண்டினால், அரசு விதியாகவே ஒரு விகிதம் கடைத்தெருவில் தொங்குகிறது: 5:3:2.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்கீழ் 1948-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 15-ஆவது விதி பெயர்ப்பலகையைப் பற்றியது. பெயர் தமிழில் இருக்க வேண்டும். பிற மொழிகள் இருந்தால் அவை தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கே கூடுதல் இடம். தமிழ், ஆங்கிலம், மற்றொரு மொழி என மூன்றும் இருந்தால் 5:3:2. இதைக் கண்காணிப்பது நகராட்சி அன்று, தொழிலாளர் துறை. ஆசிரியர்களிலேயே பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

அந்த மூன்றாம் மொழிக்கு நம் மாவட்டத்தில் தேவை இருக்கிறது. கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் மலையாளப் பலகைகள் சாதாரணம். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வரத் தொடங்கியதும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். வியாபாரம் அப்படி. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

முதல் கணக்கு எளிது. 10 அடி நீளம், 4 அடி உயரமுள்ள பலகையின் பரப்பு 40 சதுர அடி. மூன்று மொழிகளுக்கும் பிரித்தால் 20, 12, 8. அடுத்து, மூன்றாம் மொழி இல்லாமல் 5:3 மட்டும் என்று கேளுங்கள். பாதி வகுப்பு மறுபடி 20, 12 என்றே எழுதும். மீதி 8 சதுர அடி எங்கே போனது என்று கேட்டால்தான் மொத்தப் பங்கு 10 அன்று, 8 என்பது பிடிபடும். விடை 25, 15. பாடநூல் பயிற்சியில் இந்தத் தடுமாற்றம் இவ்வளவு தெளிவாக வெளிப்படுவதில்லை.

உயர்வகுப்பு ஆசிரியர்கள் இன்னொரு படி போகலாம். எழுத்தின் உயரத்தை 5:3:2 என வைத்து, அகலத்தையும் அதே அளவில் குறைத்தால் பரப்பு 25:9:4 ஆகிவிடும். ‘கூடுதல் இடம்’ என்பதை எதைக்கொண்டு அளப்பது என்று எட்டாம் வகுப்பில் விவாதிக்க விடுங்கள். மணி அடித்தாலும் நிற்காது.

ஒப்பீட்டுக்கு வெளியூர்களும் உண்டு. கர்நாடகம் 2024-இல் சட்டத்தைத் திருத்தி, பலகையில் 60 விழுக்காடு கன்னடம் என்றது. பெங்களூரில் 2023 டிசம்பரில் நடந்த போராட்டத்தில் ஆங்கிலப் பலகைகள் உடைக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்தோம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், கடை முகப்பில் வேற்றுமொழி வணிகப்பெயர் இருந்தால் பிரெஞ்சுக்கு அதைப்போல் இருமடங்கு இடம் வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் நடைமுறை. ஆக 5/8, 3/5, 2/3. எது பெரிது? பொதுப் பகுதி 120 எடுத்தால் 75, 72, 80.

கடைத்தெருவுக்கு அழைத்துப் போகுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வகுப்பில் பெட்டிக்கடைக்காரர் பிள்ளையும் இருக்கும். அந்தக் கடையில் குளிர்பானக் கம்பெனி கொடுத்த பலகைதான் தொங்கும். இரு பக்கமும் ஆங்கிலத்தில் பான விளம்பரம், மூலையில் சின்னதாகக் கடைப் பெயர். "சார், எங்கப்பா கடைக்கு ஃபைன் போடுவாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. அதனால் எங்கள் மாணவர்கள் குறிப்பேட்டில் கடைப் பெயர் எழுதுவதில்லை, புகைப்படமும் இல்லை. கேட்டுவிட்டு அளவு குறித்து, கோட்டுப்படம் வரைவார்கள். அட்டவணையில் ‘பலகையைச் செய்து கொடுத்தவர் யார்?’ என்றொரு கட்டம் சேர்த்தோம். யார் காசில் யார் பெயர் பெரிதாகிறது என்பதை அந்தக் கட்டம் பேசவைக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. ‘மருந்து கடை’, ‘துணி கடை’ எல்லாம் ஒற்றுக்குக் காத்திருக்கின்றன. ‘மொபைல்ஸ் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்’ என்று முழுக்கத் தமிழ் எழுத்தில் இருந்தால் அது தமிழ்ப் பலகையா? கைப்பேசி விற்பனை, பழுதுநீக்கம் என்று மாற்றலாம் என்பார்கள் சிலர். பாட்டிக்குப் புரிய வேண்டாமா என்று கேட்பார்கள் சிலர். நான் இரண்டாம் கட்சி. ஆனால் வகுப்பில் சொல்வதில்லை.

கடையின் சொந்தப் பெயரைத் தாங்கும் பலகை வேறு. பெரிய விளம்பரப் பலகை வேறு. விளம்பரப் பலகைக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தபின் இதை விளக்கத் தனி எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை. ஆனி, ஆடிக் காற்றில் நம் பள்ளத்தாக்கில் தகரமே பறக்கும். எந்தப் பலகை எதில் கட்டப்பட்டிருக்கிறது, கம்பியிலா கயிற்றிலா என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நிற்கும் இடம் மட்டும் பலகைக்கு நேர்கீழே வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஆளுக்கொரு பலகையை வரைபடத்தாளில் 1 அடிக்கு 2 செ.மீ. என்று அளவு வைத்து, விதிப்படி திருத்தி வரைகிறார்கள். வளரறி மதிப்பீடு (அ) பதிவுக்கு அந்தத் தாளே போதும். பெட்டிக்கடைப் பலகையை வரைந்த குழு பானத்தின் பெயரை மூலைக்குத் தள்ளிவிட்டு, கடைப் பெயருக்கு 5 பங்கு கொடுத்திருந்தது.