பழைய காரில் கேரவன் கட்டுமுன்

புதுச்சேரியில் ரெட்டியார்பாளையத்திலோ மூலக்குளத்திலோ ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசடருக்குப் பின்னால் ஒரு கேரவனைக் கட்டி ஈ.சி.ஆரில் போக ஆசையா? பட்டறைக்குப் போகுமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்.

முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம் என்கிறது 2021-இல் வந்த மத்திய விதி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். பெருமைதான், ஆனால் அந்தப் பதிவில் ஊர் சுற்ற முடியாது. ராலி, கண்காட்சி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். குடும்பத்தோடு கேரவன் பயணம் இதில் சேராது. அதற்குச் சாதாரணப் பதிவு வேண்டும். 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

அடுத்து கேரவன். சொந்த எஞ்சின் இல்லாததால் சட்டப்படி அது ட்ரெய்லர்; தனிப் பதிவு கட்டாயம். அதன் எண் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் காரின் எண் அதன் முதுகில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெல்டிங் பட்டறையில் நாமே அடித்த பெட்டிக்குப் பதிவு வாங்குவது குதிரைக்கொம்பு. ட்ரெய்லர் இழுப்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கொக்கியைச் சேஸியில் வெல்டிங் செய்யாதீர்கள், போல்ட் போட்டு மாட்டுங்கள். சேஸியை மாற்றினால் விண்டேஜ் தகுதியே போய்விடக்கூடும். கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி குறுக்காக இரண்டு சங்கிலி போடுங்கள்.

எடைதான் உயிர்ப் பிரச்சினை. காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கேரவன் இருக்க வேண்டாம் என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. அது டிஸ்க் பிரேக் காலத்துக் கணக்கு. நான்கு சக்கரமும் டிரம் பிரேக்கான 1489 சி.சி. அம்பாசடரின் எடை சுமார் 1,150 கிலோ. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் போகக்கூடாது. சாமான் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். கனமான சாமான் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருக்கட்டும். பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும்; ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலே போதும்.

கிளம்புமுன் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் லைட், இண்டிகேட்டர் இரண்டையும் பாருங்கள். பழைய டைனமோ இவ்வளவு விளக்கைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்காரக்கூடாது, குழந்தைகள் அடம்பிடித்தாலும்.

கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. சட்டம் அதேதான், ஆனால் இரண்டு வண்டிக்குமான காகிதங்களையும் டிஜிலாக்கரிலாவது வைத்திருங்கள். கார் நடுவழியில் நின்றுவிட்டால் கேரவனைக் கழற்றிவிட்டுத்தான் காரைக் கட்டி இழுக்க வேண்டும். அப்போது இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் 25 கிலோமீட்டருக்குள், பின்னால் ‘ஆன் டோ’ பலகை. அதைவிட மீட்பு லாரியில் ஏற்றிவிடுவது நிம்மதி.