தடையில் சிக்கிய நாட்டுக்கு டீசல் எங்கிருந்து வரும்?

கேள்வி: உலக நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு நாட்டை ஒதுக்கிவைக்கின்றன, ஆயுதம் விற்கக் கூடாது, எண்ணெய் விற்கக் கூடாது என்கின்றன. ஆனாலும் அந்த நாட்டு விமானம் பறக்கிறது, டாங்கி ஓடுகிறது. உதிரிபாகத்துக்கும் டீசலுக்கும் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: இன்று தடையில் இருக்கும் நாடுகளைப் பற்றிக் கேட்டால் பாதிக்குப் பாதி வதந்திதான் கிடைக்கும். கணக்கு முடிந்து கோப்புகள் வெளியே வந்துவிட்ட ஒரு நாட்டைப் பார்ப்போம்: நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்கா.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். அந்த மண்ணில் நிலக்கரி கொட்டிக் கிடந்தது, எண்ணெய் இல்லை. 1950இல் அரசு சசோல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1955இல் நிலக்கரியிலிருந்தே பெட்ரோல் எடுத்துவிட்டது. வித்தை புதிதல்ல. 1920களில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது; ஹிட்லரின் ஜெர்மனியும் அதைப் பயன்படுத்தியது. நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் செலுத்தி வாயுவாக்கி, அந்த வாயுவை இரும்பு வினையூக்கியின் மேல் ஓடவிட்டால் எரிபொருள் திரவமாக இறங்கும். சாதாரண காலத்தில் இதைச் செய்வது நஷ்டக் கணக்கு. கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரிப்பது எவ்வளவோ மலிவு.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஈரான் மன்னர் ஷா மட்டும் தொடர்ந்து விற்றார். தென்னாப்பிரிக்கா இறக்குமதி செய்ததில் ஏறக்குறைய 90 சதவீதம் அவருடையது. 1979இல் ஷா விழுந்தார், குழாயும் மூடியது. சசோலின் இரண்டாவது ஆலை அப்போது கட்டிமுடியும் தறுவாயில் இருந்தது. உடனே பக்கத்திலேயே மூன்றாவதையும் தொடங்கினார்கள். ஆலைகள் நின்ற ஊருக்கே செக்குண்டா என்று பெயர், ‘இரண்டாவது’ என்று பொருள். 1980 ஜூன் மாதம், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு சசோல் ஆலைகளில் குண்டு வைத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு செய்தும் நிலக்கரி மொத்தத் தேவையில் ஒரு பங்கைத்தான் தீர்த்தது. மீதி திருட்டு வழியில் வந்தது. இதில் ‘சேலம்’ கப்பலின் கதையைச் சொல்லாமல் விட முடியாது (நம் மாம்பழச் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). குவைத்தில் எண்ணெய் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கிளம்பிய இந்தக் கப்பல், வழியில் பெயர்ப்பலகையை ‘லேமா’ என்று மாற்றிக்கொண்டு டர்பனில் சுமார் 1,80,000 டன்னை இறக்கியது. பிறகு தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போய், 1980 ஜனவரியில் செனகல் கரைக்கு அப்பால் மூழ்கியது. விபத்து என்றார்கள். காப்பாற்றப்பட்ட மாலுமிகள் பெட்டிகளைக் கட்டிக் கையோடு வைத்திருந்தார்கள், சாண்ட்விச்சும் தயாராக இருந்தது. அத்தனை பெரிய எண்ணெய்க் கப்பல் மூழ்கிய இடத்தில் எண்ணெய்ப் படலமும் பெரிதாக இல்லை.

இப்படி வாங்குகிற எண்ணெய்க்கு யார் எவ்வளவு கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். 1973 முதல் 1984 வரை எண்ணெய்க்காகக் கூடுதலாகக் கொடுத்தது மட்டும் 2,200 கோடி ராண்ட் என்று அதிபர் போத்தாவே பின்னால் ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால், தடை வேலை செய்ததா என்ற கேள்விக்கு இந்த ஓர் எண்ணே பதில். அது நாட்டை நிறுத்தவில்லை, ஆண்டுக்காண்டு உறிஞ்சியது.

ஆயுதத்திலும் அதே கதைதான். ஐ.நா. 1977இல் கட்டாயத் தடை போட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அங்கோலாப் போரில் தென்னாப்பிரிக்கப் படைக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது: தங்களிடம் இருந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கிகள் எட்டாத தூரத்திலிருந்து சோவியத் ராக்கெட்டுகள் வந்து விழுந்தன. ஜெரால்டு புல் என்ற கனடாக்காரரிடம் குண்டும் நுட்பமும் வாங்கினார்கள். அதற்காக அவர் அமெரிக்காவில் சிறை சென்றார். அதிலிருந்து பிறந்தது ஜி-5 பீரங்கி, 155 மி.மீ., கிட்டத்தட்ட 40 கி.மீ. எட்டும். தடையில் இருந்த நாடு அதை இராக்குக்கே விற்றது!

டாங்கி விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. ஆனால் நம் ராணுவம் கழித்த பழைய செஞ்சுரியன் டாங்கிகள் தரகர்கள் கைமாறி அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்து, பெரிய பீரங்கி பொருத்தி, ‘ஒலிஃபான்ட்’, அதாவது யானை, என்று பெயர் வைத்தார்கள்.

இரும்பை வெட்டி ஒட்டலாம். விமானத்தில் அது செல்லாது. கடல் கண்காணிக்கும் பிரிட்டிஷ் ஷாக்கில்டன் விமானங்களை முடிந்த மட்டும் ஓட்டி 1984இல் ஓய்வு கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு நிகரான புது விமானம் வாங்க வழியில்லை. பழைய பிரெஞ்சு மிராஜ் போர் விமானங்களை இஸ்ரேல் உதவியோடு புதுப்பித்துச் ‘சீட்டா’ ஆக்கினார்கள். அங்கோலாவில் 1987-88இல் சோவியத் மிக்-23 விமானங்கள் எதிரே வந்தபோது, மிராஜ் ஒன்று விழுந்தால் மாற்று கிடையாது என்ற பயம் ஒவ்வொரு முடிவிலும் இருந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை: மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டுவார்கள், கையில் இருப்பதை ஒட்டுப்போடுவார்கள், இல்லாததைப் பின்வாசலில் பல மடங்கு விலைக்கு வாங்குவார்கள். பில்லைக் கட்டுவது ஆள்பவர்கள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் அதில் பெரும் பங்கு, அற்பக் கூலிக்கு நிலக்கரி வெட்டிய கறுப்பினத் தொழிலாளிகளின் தலையில் விழுந்தது.

ஐ.நா.வின் ஆயுதத் தடை 1994 மே மாதம் விலகியது. செக்குண்டா ஆலை இன்றும் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து உலகிலேயே மிக அதிகமாகக் கரியமில வாயு கக்கும் ஆலைகளின் பட்டியலில் அதன் பெயர் முன்னால் நிற்கிறது.