மோட்டார் வண்டியில் இன்னிசையும் வன்னோசையும்

செவிக்கு இன்பந் தருதற்கென அமைந்த கருவியே செவிக்குத் துன்பமாய் முடியின், அதன் காரணத்தை ஆராய்தல் கற்பார்க்குக் கடனாகும். என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். வண்டியுடனேயே வந்த ஸ்டீரியோவில் நாள்தோறும் எட்டு மணி நேரம் பாட்டுக் கேட்பவர். சென்ற கோடை விடுமுறையில் ஓரிரவு, “வண்டியை நிறுத்தின பின்னும் காதுக்குள் ஏதோ இரைகிறதப்பா” என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண் செவியின் இயல்பை நோக்குவோம். ஓசையாவது காற்றின் அதிர்வு. நொடிக்கு ஓரதிர்வினை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். மக்கட் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. ஆயினும் யாவற்றையும் ஒருபடித்தாக உணர்வதன்று. செவித்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளதாய், உட்புறம் செவிப்பறையால் மூடப்பட்ட குழலாதலின், 3,000 ஹெர்ட்ஸை அடுத்த ஓசைகளைத் தானே பெருக்கிக்கொள்கின்றது. பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, கனத்த ஓசைகளை நாம் உணர்தற்கு மிக்க வலிமை வேண்டுமென்பதையும், இக்கூரிய பகுதிக்குச் சிறிதே போதுமென்பதையும் விளக்கிற்று. பாட்டிலுள்ள மெய்யெழுத்துக்களைத் தெளிவுறுத்துவதும் இப்பகுதியே. ஸகர ஷகரங்களின் சீறலோ இதற்கும் மேலே செல்வது. ஆகவே இவை சற்று மிகினும் சொல் முள்ளாய்த் தைக்கும்.

இனி, வண்டியின் இயல்பு. கண்ணாடிகள் கூரிய ஓசையைத் திருப்பியடிக்கின்றன. டுவீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கர் பல வண்டிகளில் அக்கண்ணாடிக்கு அருகிலேயே பொருத்தப்பட்டுள்ளது. சக்கரமும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கனத்த ஓசையாதலின், பாட்டின் கனத்த பகுதியை அது விழுங்கிவிட, கூரிய பகுதியே எஞ்சுகின்றது. பாட்டு மெலிந்துவிட்டதென எண்ணி நாம் ஒலியைக் கூட்டுகின்றோம். வண்டியோடு வரும் எளிய ஸ்டீரியோ, ஏறத்தாழ 14 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றிற்கு 20 வாட் அளவே தரவல்லது. அதற்குமேல் வேண்டினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, பாடினவர் பாடாத புதிய கூரிய ஓசைகள் தோன்றுகின்றன. வன்னோசையின் பெருங்காரணம் இதுவே.

இதனைத் தணிக்கும் வகையாது? உப்பு மிகுந்த குழம்பிற்குப் புளியுங் காரமுங் கூட்டுவார்போலப் பிறவற்றைக் கூட்டற்க. மிகுந்ததையே குறைத்தல் வேண்டும். முதலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாய்ப் பதிவான ஒரு பாட்டைத் தாழ்ந்த ஒலியிற் கேட்க. அப்பொழுது இனிதாயிருப்பின் குற்றம் இரைச்சலிலும் மிகையொலியிலுமே உள்ளது. கதவு ரப்பரையும் டயர்க் காற்றையும் சரிபார்த்தல் நன்று. அப்பொழுதும் வன்மை தோன்றின், ஈக்குவலைசரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இரண்டு அல்லது மூன்று டெசிபெல் தாழ்த்துக. பாஸ், டிரெபிள் என்னும் இரண்டே உள்ள கருவியாயின், டிரெபிளை ஒருபடி குறைக்க. பின்னர் பேலன்ஸை ஒருபுறமாகத் திருப்புக. இருபுறமும் ஒலிக்கும்போது இல்லாத கனம் ஒருபுறம் மட்டும் ஒலிக்கும்போது தோன்றின், ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் மாறியுள்ளன என்று அறிக. ஒன்று முன்தள்ள மற்றொன்று பின்னிழுப்பதால், கனத்த ஓசைகள் தம்முள் மாய்ந்துவிடும்.

எங்கள் வண்டியில் நேர்ந்ததும் அதுவே. முன்னொருகால் கதவைப் பழுதுபார்த்தவர் இடப்புறக் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தார். கனம் குன்றவே, தந்தையார் ஒலியையும் டிரெபிளையும் உச்சத்தில் வைத்திருந்தார். கம்பிகளை மாற்றிய அன்றே, முன்பு 30-இல் நின்ற ஒலியளவு 18-இல் அவருக்குப் போதுமானதாயிற்று. செலவு ஒரு காசுமில்லை.

ஆனால் செவியைச் சோதித்த மருத்துவர், கூரிய ஓசைகளை உணரும் ஆற்றல் ஓரளவு குறைந்துவிட்டதென்றும், இழந்தது மீளாதென்றும், எஞ்சியதைக் காக்கலாமென்றும் கூறினார். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகும். நாள்முழுதும் வண்டியிலிருப்பார் இதனை மறத்தலாகாது.

நண்பர்களே, எழுத்தொலியை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்தறிந்தது நம் மொழி. வல்லினமும் மொழிக்கு வேண்டும், வல்லினமே நிறைந்தாலோ இனிமையில்லை. வண்டியிசைக்கும் இஃதொக்கும். நும் இல்லத்து வண்டியிலும் இச்சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பீராக. பெற்றோர் செவியைக் காத்தலும் மக்கள் ஆற்றும் உதவியே.