கணக்கைக் காட்டி எழுது

அன்புள்ள தங்கைக்கு,

இதழியல் படிக்கப் போகிறவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அநீதிக்கு ஆளான மக்களில் ஒருவரே அந்த அநீதியைப் பற்றி எழுதினால் அதை நம்பலாமா? ஒட்டாமல் விலகி நிற்பவர்தான் நல்ல செய்தியாளர் என்ற பாடத்தைக் கேட்டே நீயும் வளர்ந்திருப்பாய். அந்தப் பாடம் முழு உண்மையில்லை என்பது என் எண்ணம். எழுதுகிறவருக்கு வலி இருக்கலாம், இருப்பதில் தவறில்லை. தான் கண்ட முடிவுக்கு எந்த வழியாக வந்தார் என்பதை அவர் வாசகருக்குத் திறந்து காட்டுகிறாரா என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் செய்தியாளராக இருந்த வசீலி கிராஸ்மனின் வாழ்க்கையை இதற்குச் சான்றாக வைக்கிறேன்.

கிராஸ்மன் 1905இல் உக்ரைனின் பெர்டிச்சிவ் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வேதியியல் படித்துப் பொறியாளராக வேலை பார்த்து, பிறகு எழுத்தாளரானார். 1941இல் செஞ்சேனையின் நாளேடான ‘கிராஸ்னயா ஸ்வெஸ்தா’வின் போர்முனைச் செய்தியாளராகப் போனார். ஸ்டாலின்கிராட் சண்டையின்போது அங்கேயே தங்கி எழுதினார். வீரர்களிடம் பேசும்போது அவர் குறிப்பேட்டை எடுக்கமாட்டார். கேட்டதை நினைவில் வைத்திருந்து பிறகு எழுதிக்கொள்வார். யாரிடமும் வாய் திறக்காத தளபதி குர்த்தியேவ், கிராஸ்மனிடம் மட்டும் ஆறு மணி நேரம் பேசினார் என்று அந்த நாளேட்டின் ஆசிரியர் ஓர்த்தன்பெர்க் பின்னாளில் வியந்து சொன்னார். தன்னை முன்னிறுத்தாமல் எதிரில் இருப்பவருக்குக் காது கொடுத்த மனிதர் அவர். உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறவர் என்று அவரை ஒதுக்க நினைப்பவர்கள் முதலில் இந்தப் பொறுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவருடைய துயரமும் சிறியதில்லை. அவருடைய தாய் பெர்டிச்சிவில் இருந்தபோது, 1941 ஜூலையில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்தனர். செப்டம்பரில் அங்கிருந்த யூதர்களை ஆயிரக்கணக்கில் குழிகளின் ஓரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். அவருடைய தாயும் அதில் இறந்தார். தாயை மாஸ்கோவுக்கு அழைத்து வராத குற்றவுணர்வு கிராஸ்மனைக் கடைசிவரை விடவில்லை. இறந்துபோன தாய்க்கு 1950இலும் 1961இலும் அவர் கடிதம் எழுதினார். ஆனால் 1944இல் ஊர் திரும்பி, அங்கே நடந்த படுகொலையைப் பற்றி எழுதியபோது அவர் தன் துக்கத்தைச் சான்றாக வைக்கவில்லை. மக்களை எப்போது ஒரே பகுதியில் அடைத்தார்கள், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள், குழிகள் எங்கே வெட்டப்பட்டன என்று உயிர் தப்பியவர்களிடமும் பார்த்தவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். என்ன கேட்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது துயரம்தான். அதற்கான பதிலை அவர் விசாரித்தே எழுதினார்.

1944 செப்டம்பரில், போலந்தில் நாஜிகளின் த்ரெப்ளிங்கா கொலை முகாம் இருந்த இடத்துக்குப் போனார். முகாமை இடித்துத் தரைமட்டமாக்கி, மேலே செடிகளை நட்டு, ஒரு பண்ணைபோலக் காட்டிவிட்டு நாஜிகள் முன்பே போயிருந்தனர். ஆனாலும் மண்ணுக்குள்ளிருந்து எலும்புத் துண்டுகளும் பற்களும் குழந்தைகளின் காலணிகளும் மேலே வந்துகொண்டிருந்தன. தப்பிப் பிழைத்தவர்கள், சுற்றுவட்டார விவசாயிகள், பிடிபட்ட காவலர்கள் என மூன்று தரப்பையும் விசாரித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை அந்த ஆண்டே வெளிவந்தது. பிறகு நாஜித் தலைவர்கள் மீதான நூரெம்பெர்க் விசாரணையிலும் பயன்பட்டது. இங்கேதான் வலுவான மறுப்பு எழும். கிராஸ்மன் சொன்ன எண்ணிக்கை தவறு. சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக அவர் எழுதினார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் எட்டு முதல் ஒன்பது லட்சம் என்கிறார்கள். துக்கம்தான் எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று பார். ரயிலுக்கு எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை ரயில், முகாம் எத்தனை நாள் இயங்கியது என்று பெருக்கிப் பார்த்து, ஒவ்வொரு படியையும் கட்டுரையிலேயே எழுதி வைத்தார். ரயில்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தன என்று கொண்டதில்தான் பிழை. போர்க்காலத்தில் பிரிட்டிஷார் இடைமறித்த ஒரு ஜெர்மன் தந்தி 2000இல் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1942 இறுதிவரை த்ரெப்ளிங்காவுக்கு வந்து சேர்ந்தவர்கள் 7,13,555 பேர் என்று அது காட்டுகிறது. அதாவது பெரும்பாலானோர் முதல் சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார்கள். 1943இல் ரயில்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. படிகளைக் காட்டியிருந்ததால்தான் எந்தப் படி இடறியது என்று நம்மால் சொல்ல முடிகிறது. வெறும் எண்ணை மட்டும் எறிந்துவிட்டுப் போயிருந்தால் நம்புவது அல்லது மறுப்பது தவிர வேறு வழி இருந்திருக்காது. அந்தக் கொலைக்களம் எப்படி இயங்கியது என்று அவர் விவரித்ததன் சாரம் இன்றும் நிற்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஸ்டாலினின் தணிக்கைக்குக் கீழ் எழுதியவர் எப்படி உண்மை பேசியிருக்க முடியும்? முழுதும் பேச முடியவில்லை என்பது மெய்தான். ஜெர்மனிக்குள் நுழைந்த செஞ்சேனை வீரர்கள் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை அவர் தன் குறிப்பேட்டில்தான் எழுத முடிந்தது, நாளேட்டில் அல்ல. ஆனால் முடிந்த இடத்தில் அவர் எல்லையை முட்டிப் பார்த்தார். உக்ரைனில் யூதர்களே இல்லாமல் போனதைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரை ராணுவ நாளேட்டில் வரவில்லை. ‘ஐனிகைட்’ என்ற இத்திஷ் மொழி இதழில் வந்தது. எழுத்தாளர் எரென்பர்க்குடன் சேர்ந்து படுகொலைச் சாட்சியங்களைத் தொகுத்த ‘கறுப்பு நூல்’ வெளிவராமலே தடுக்கப்பட்டது. அச்சுக்கோத்த எழுத்துகள் 1948இல் கலைக்கப்பட்டன. நாஜி ஆட்சியையும் ஸ்டாலின் ஆட்சியையும் அருகருகே வைத்துப் பார்த்த அவருடைய ‘வாழ்வும் விதியும்’ நாவலின் பிரதிகளை 1961இல் சோவியத் உளவுத்துறையான கேஜிபி அள்ளிக்கொண்டு போனது. கார்பன் தாளையும் தட்டச்சுப்பொறியின் ரிப்பனையும்கூட விட்டுவைக்கவில்லை. 1964இல் அவர் இறந்தார். நாவல் 1980இல்தான் வெளிநாட்டில் அச்சேறியது. தணிக்கையோடு முழுக்க ஒத்துப்போனவரின் எழுத்தைக் கண்டு எந்த அரசும் இவ்வளவு அஞ்சாது.

ஆகவே, உன் ஊருக்கோ உன் மக்களுக்கோ ஓர் அநீதி நேர்ந்து, அதை நீயே எழுத வேண்டி வந்தால் தயங்காதே. உன் பிறப்பு உன்னைத் தகுதியற்றவளாக ஆக்கிவிடாது. அதுவே தகுதியாகிவிடவும் செய்யாது. யாரிடம் கேட்டாய், அவர்கள் எதைத் தம் கண்ணால் பார்த்தார்கள், எதை ஊகித்தார்கள், நீ எதை வைத்துக் கூட்டினாய் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுது. நாளை ஒருவர் உன் கணக்கைத் திருத்தினால் அது உனக்கு அவமானம் ஆகாது. கொல்லப்பட்டவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயத்தில் இன்னும் ஒருவர் பங்கெடுத்தார் என்றுதான் அதற்குப் பொருள்.

அன்புடன்,
உன் அண்ணன்